முயலுக்குப் போட்ட லங்கணம்

முயலுக்கும் அஜீரணம் வரும் என்கிற யோசனை, விளக்குமாறும் கையுமாக நிற்கும்போதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆடிப்பூரத் தேர் அன்று காலை. கொல்லையில் கூண்டுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். தினமும் இரண்டு கை அள்ளும் அளவுக்குக் கிடக்கும் புழுக்கை, அன்று மூன்றே மூன்று கிடந்தது. வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக இருக்கும். இவை மிளகு போலச் சுருங்கி, கறுத்து, விளக்குமாறு பட்டதும் கல் மாதிரி உருண்டு ஓடின. நிமிர்ந்து பார்த்தேன். முயல் மூலையில் முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் நாள் போட்ட புல் அப்படியே வாடிக் கிடந்தது.

"வயிறு அடைச்சிருக்கு!" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்றிருந்தது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்த முதல் நோய் அது. உள்ளுக்குள் ஒரு துள்ளல். பிறகு நடந்த எல்லாவற்றையும்விட, அந்தத் துள்ளலை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது.

நான் அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் கல்லூரி, தினமும் பஸ். அந்த முயல் எங்கள் கல்லூரி ஆய்வகத்து முயல். பாடத்துக்காக மூன்று வாங்கியிருந்தார்கள். முதல் முயலைப் பேராசிரியை அறுத்துக் காட்டினார். வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர, நான் மேசையோடு ஒட்டி நின்றேன். இரைப்பை, சுருள் சுருளாகச் சிறுகுடல், அப்புறம் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் இரைப்பையையே தோற்கடிக்கிற அளவில் ஒரு பெரிய பை. ரெக்கார்டு நோட்டில் இரைப்பைக்கு ரோஸ் நிறம், சிறுகுடலுக்கு மஞ்சள், அந்தப் பைக்குப் பச்சை என்று வரைந்து, 'புல்லின் நாரைச் செரிக்கும் இடம்' என்று எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' விழுந்தது. ஒருத்தர் குடலை வரைந்துவிட்டால் அவரைத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது.

மூன்றில் சின்னதைப் பேராசிரியையிடம் கெஞ்சி வீட்டுக்கு வாங்கி வந்தேன். "ஒழுங்கா வளர்த்தா உன்னது. முடியலைன்னா இங்கயே கொண்டு வந்து விட்டுரணும்" என்றார் அவர். 'இங்கே' என்றால் எந்த மேசை என்று இருவருக்கும் தெரியும். அதனால் அது என்னிடம் ஒழுங்காக வளர்வது என்பது எனக்குச் சின்ன விஷயமாக இல்லை.

ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். சில நாள் காலையில், எல்லாரும் வேலையாக இருக்கும் நேரத்தில், தலையைக் கால்களுக்கு நடுவே விட்டுக் குனியும். நிமிரும்போது வாய் மென்றுகொண்டிருக்கும். முதலில் கவனித்தது அம்மாதான். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"ஏட்டி, இங்க வா! ச்சீ, இது தன் பின்னாலேயே வாய வெச்சுத் திங்குதுட்டி! பெருமாள் படம் இருக்க வீட்டுல இந்தக் கண்ராவியப் பாத்துக்கிட்டுத் துளசிக்குத் தண்ணி ஊத்தவா?"

எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அது குனியும்போதெல்லாம் பளாரென்று கை தட்டுவேன். திடுக்கிட்டு நிமிரும். மறுபடி குனிந்தால் மறுபடி தட்டுவேன். நான் கல்லூரி கிளம்பிய பின் அந்தப் பொறுப்பு அம்மாவுக்கு. தரையில் விழுந்து கிடக்கும், திராட்சைக் கொத்து மாதிரிப் பிசுபிசுவென்ற புழுக்கையைத் துணியால் துடைத்து டெட்டால் தெளிப்போம். ஆடி பிறப்பதற்குள், நாங்கள் இருக்கும்போது அது குனிவதே இல்லை என்று ஆகிவிட்டது. பழக்கிவிட்டேன் என்று வகுப்பில் பெருமை அடித்தேன்.

தேருக்கு முந்தின நாள் சேத்தூரிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து இறங்கியது. பிள்ளைகள் கூண்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பொரிகடலை, முறுக்கு, பிஸ்கட், இலையோடு பால்கோவா. எது நீட்டினாலும் அது மூக்கை ஆட்டிக்கொண்டு வந்து வாங்கியது. "அக்கா, பால்கோவா திங்குதுக்கா!" என்று ஒரே கும்மாளம். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் ஒரு முறுக்கு நீட்டினேன்.

மறுநாள் காலைதான் அந்த மூன்று புழுக்கைகள்.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா பதினைந்து பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, மொசலுக்கு வயிறு சரியில்ல."

"எனக்குந்தான் இடுப்பு சரியில்ல. நாலு மணியிலருந்து நிக்கேன்."

"வெளையாடாத. மூணே மூணு புழுக்கைதான் போட்டிருக்கு."

"எண்ணிப் பாத்தியாக்கும்? இதப் படிக்கத்தான் ராஜபாளையம் வரைக்கும் பஸ்ல போறியா?" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறி இட்லியைத் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நேத்து அம்புட்டுப் பிள்ளைகளும் கொடுத்ததத் தின்னுச்சுல்லா? பொறவு அடைக்காம என்ன செய்யும்? லங்கணம் போடு. ரெண்டு நேரம் வயித்தக் காயப் போட்டா தன்னால எறங்கிரும்."

லங்கணம் எங்கள் வீட்டில் முதல் மருந்து. வயிறு உப்பினால், புளித்த ஏப்பம் வந்தால், காய்ச்சல் கண்டால், சோற்றை நிறுத்திவிடுவார்கள். நான் எத்தனையோ லங்கணம் கிடந்திருக்கிறேன். அடுத்த நாள் பசி எடுத்து, மிளகு ரசம் சாதம் சாப்பிட்டு எழுந்து ஓடியிருக்கிறேன். அது பலிக்காமல் போய் நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூண்டிலிருந்து புல்லை எல்லாம் அள்ளினேன். கிடந்த பொரிகடலையையும் பொறுக்கி எடுத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் விட்டேன். ஒரு அட்டையில் 'லங்கணம். யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

பெரியம்மாவின் கடைசி மகள், மூன்றாம் வகுப்பு படிப்பவள், அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அக்கா, மொசலுக்கும் ஏகாதசியா?" என்றாள். வீடே சிரித்தது. பெரியப்பா, "வைகுண்ட ஏகாதசியா ஆயிராமப் பாத்துக்கோ தாயி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு தேருக்குக் கிளம்பினார்.

அன்று நான் தேர் இழுக்கப் போகவில்லை. கூண்டுக்குக் காவல் இருந்தேன். இரண்டு தெரு தள்ளி ரதவீதியில் தேர் அசையும்போது எழும் கோவிந்தா சத்தம் கொல்லை வரைக்கும் வந்து போனது. முயல் ஒருமுறை எழுந்து வந்து, புல் இருந்த இடத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மனதை இறுக்கிக்கொண்டேன். மதியத்துக்குப் பிறகு அது எழுந்துகூட வரவில்லை. ஆசை அடங்கிவிட்டது, லங்கணம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய கறகறப்பு. காதை வைத்துக் கேட்டால் முயலின் பற்கள்.

"எம்மா, அசைபோடுது!" என்று ஓடினேன். மாடு படுத்துக்கொண்டு அசைபோட்டால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். இதுவும் அதேபோல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பல்லை அரைத்துக்கொண்டிருந்தது. அம்மாவும் வந்து பார்த்துத் தலையாட்டினாள். "நாஞ் சொன்னேம்லா."

சாயங்காலம் வரை ஒரு புழுக்கைகூட இல்லை. அப்பாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். தேருக்காக அன்று லீவு போட்டிருந்தார். "இன்னிக்கு உள்ளூர் லீவு. மாட்டாஸ்பத்திரியும் பூட்டித்தான் கெடக்கும். காலையில பாப்போம்" என்றார். அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்து வடிகட்டி, துணித் திரியில் நனைத்து அதன் வாயில் இரண்டு சொட்டு விட்டாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இன்னும் ஒரு நேரம் பாரு" என்றாள்.

மறுநாள் காலை அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வழக்கமாகப் பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். இப்போது காற்றடித்த பந்து. காதுகள் குழாய்த் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தன. தூக்கினால் உதைக்கும் முயல், தூக்கியபோது உதைக்கவே இல்லை. உதைத்தால் தேவலையே என்றிருந்தது.

ஒயர்க் கூடையில் துணி விரித்து, முயலை உள்ளே வைத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். தேர் முடிந்த மறுநாள் என்பதால் நல்ல கூட்டம். வேப்பமரத்தடியில் நாலைந்து மாடுகள், மம்சாபுரத்திலிருந்து ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா, சங்கிலியில் வெள்ளை வேட்டை நாயைப் பிடித்தபடி மீசைக்காரர் ஒருவர். நாய் கூடையைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"ஏம்மா பாப்பா, கூடையில என்ன?"

"மொசலுங்க. வயிறு சரியில்ல."

"எங்க நாய்க்கும் மூணு நாளா வாய்க்குப் பிடிக்கலன்னுதான் வந்தேன். நீ நல்ல மருந்தாக் கொண்டாந்திருக்க!" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டுக்கார அம்மா மட்டும், "சும்மா கெடங்கண்ணே, புள்ள மொகத்தப் பாத்தியளா? நீ முன்னால போ தாயி" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

டாக்டர் நடுவயதுக்காரர். கூடைக்குள் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாடு, ஆடு, நாய், கோழி. மொசலுன்னு யாரும் இதுவரைக்கும் எங்கிட்ட வந்ததில்லம்மா. இருக்கிறதச் சொல்றேன்" என்றார். அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். முயலுக்கு அதில் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. நின்றபடியே படித்து முடித்தார்.

"எப்பயிருந்து திங்கல?"

"நேத்துக் காலையிலருந்து நாங்களே ஒண்ணும் கொடுக்கல சார். லங்கணம் போட்டிருக்கோம்."

அவர் என்னையே பார்த்தார். "என்னது?"

"லங்கணம் சார். வயிறு காயட்டும்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஸ்டெதஸ்கோப்பை முயலின் வயிற்றில் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டுவிட்டு, அதை என் காதில் மாட்டினார். "கேளு."

என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. "ஒண்ணும் கேக்கல சார்."

"இங்க வா." வாசலில் நின்ற ஆட்டுக்கார அம்மாவின் ஆட்டை இழுத்து, அதன் விலாவில் வைத்தார். "இதக் கேளு."

மில்லுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. கடகடவென்று ஒரு உருட்டல், நிற்கிறது, மறுபடி உருட்டல். உயிர் உள்ள வயிற்றின் சத்தம் அது. நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நமக்கு வயிறு நெறைஞ்சிருந்தா நிறுத்தி வெச்சா சரியாப் போகும். இதுக்கு வாய் அசைஞ்சாத்தான் குடல் அசையும். மேல இருந்து உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் கீழ நகரும். நீ வாய நிறுத்தின, அது குடல நிறுத்திருச்சு. இப்ப உள்ள கெடக்கிறது அழுகிக் காத்தா ஏறுது. வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் இதுக்கு வழி கெடையாது."

"பல்ல அரைச்சுச்சே சார். அசைபோடுதுன்னு நெனச்சேன்."

"வலியம்மா. வலிச்சா அப்படித்தான் பல்லக் கடிக்கும்."

நேற்று ஒரு மத்தியானம் முழுக்க, அதற்கு வலித்ததைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஊசி போட்டார். அளவைத் தீர்மானிக்க இரண்டு முறை காகிதத்தில் எழுதி அடித்தார். கைக்குழந்தைக்கு வாயுவுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், அறுகம்புல்லை அரைத்துக் கரைத்த சாறு, ஒரு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாய்ப் பக்கமாக விடணும், நேராக ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்றார். வயிற்றை மெல்லத் தடவணும், தரையில் விட்டு நடக்க வைக்கணும். "இம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். நாளைக்குள்ள புழுக்கை போட்டுட்டா பொழச்சுக்கும்" என்றார். 

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிய்த்தேன். அம்மா என் கையிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டாள். "நாந்தான சொன்னேன்" என்றாள். முதல் நாள் சொன்ன அதே வார்த்தை மாதிரித்தான். ஆனால் இப்போது அது வேறு மாதிரி வந்தது.

சொட்டு மருந்து உள்ளே போனது. சாறு போகவில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரை வெந்நீரில் கழுவி, அதில் பச்சைச் சாற்றை உறிஞ்சி, உதட்டோரம் வைத்து அழுத்துவேன். அது விழுங்காது. சாறு மோவாய் வழியாக வழிந்து வெள்ளை நெஞ்சில் பச்சைக் கோடாக இறங்கும். பத்துச் சொட்டு விட்டால் ஒரு சொட்டு உள்ளே போயிருக்கும். அதுகூட என் ஆசைக் கணக்காக இருக்கலாம். தரையில் விட்டால் நடக்காது. விட்ட இடத்தில் விட்ட மாதிரியே உட்காரும். பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் ஒரு சாண் நகர்ந்துவிட்டு, தயவு செய்து விட்டுவிடு என்பதுபோல் கண்ணை மூடும்.

ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே செய்ய ஒன்றும் இல்லை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்து அந்தப் படத்தைத் திறந்து வைத்தேன். அடைப்பு இங்கே இருக்குமா, இங்கே இருக்குமா என்று பென்சிலால் தொட்டுக்கொண்டே போனேன். ரோஸ், மஞ்சள், பச்சை. எல்லாப் பாகத்துக்கும் பெயர் தெரிந்தது. எந்தப் பாகத்தையும் அசைக்கத் தெரியவில்லை. 'நன்று' என்ற அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நோட்டை மூடினேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தார். செத்த நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "மில்லுல பஞ்சு அடைச்சா மிஷின ரிவர்ஸ்ல சுத்தி எடுத்துருவோம்" என்றார்.

"இதுக்கு ரிவர்ஸ் கெடையாதாம்ப்பா."

"அப்படியா" என்றார். அவருடைய எண்ணெய் படிந்த விரல்களால் அதன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஜில்லுன்னு இருக்கே" என்று இரண்டு கைக்கும் நடுவே வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். என்னவாவது செய்ய வேண்டுமே என்று அவருக்கும் இருந்தது.

பெரியம்மா வீட்டார் மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்கள். பாத்திரங்கள் எல்லாம் கழுவாமல் கிடந்தன. அம்மா சாப்பிடவில்லை என்பது எனக்கு மாலையில்தான் உறைத்தது. தட்டு வைத்துக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி."

"ஏன், நீயும் லங்கணமா?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தை. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா வெளியே போனாள். முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து இட்லித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள். புல்லைப் பிடுங்கியது நான், அட்டை எழுதியது நான், படித்தவள் நான் என்று சொல்ல நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தேய்த்துப் போட்டதை அலசி வைத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்தபோது முயல் உயிரோடு இருந்தது. கூண்டுக்கு அடியில் நான் விரித்து வைத்திருந்த செய்தித்தாள் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுக்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான காகிதத்தைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

பேராசிரியையிடம் கேட்கலாம் என்று கிளம்பினேன். முயலைக் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, மருந்தையும் ஃபில்லரையும் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். முடியாவிட்டால் இங்கேயே கொண்டு வந்து விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னது, பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா துண்டை விலக்கிப் பார்த்து, "தூங்குதா?" என்றாள். "ஆமா" என்றேன். துண்டுக்கு அடியில் கையை விட்டு, வழி நெடுக அதன் மூச்சு விலாவில் ஏறி இறங்குவதைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

பேராசிரியை இன்னும் வந்திருக்கவில்லை. ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தவர் அங்கே வேலை பார்க்கும் அண்ணன்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். மூன்று முயல்களுக்கும் ஆரம்பத்திலிருந்து தீனி போட்டவர் அவர்தான். ஆனால் அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு இரண்டு நாளாகத் தோன்றவே இல்லை.

"ஏமம்மா, விருந்தாளியக் கூட்டிக்கிட்டு வந்திருக்க?" என்று துண்டை விலக்கினார். சிரிப்பு நின்றது. வயிற்றை இரண்டு விரலால் தட்டினார். உடுக்கை மாதிரிச் சத்தம் வந்தது.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். முறுக்கு, பால்கோவா, லங்கணம், ஊசி, சாறு. அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"சரி, பால்கோவா ஒரு நாளு. அதுக்கு முன்னாலயே வயிறு வலுவா இருந்திருந்தா இம்புட்டுப் படுத்தாதே. காலையில கருப்பா ஒண்ணு போடுமே, கொத்துக் கொத்தா, அத ஒழுங்காத் தின்னுச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"இல்லண்ணே. தின்ன விட மாட்டோம். குனிஞ்சா கை தட்டுவேன்."

"கை தட்டுவியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு, கச்சேரியா நடக்கு?" நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார். "தாயி, அதுதான் அதுக்குச் சோறு. தின்ன புல்லு ஒரு தடவையில முழுசா அரையாது. அந்தப் பெரிய பையில ஊறி, புளிச்சு, கருப்பா வரும். அதத் திரும்பத் தின்னாத்தான் சத்துச் சேரும். எங்க மாமா வீட்டுல மொசல் வளக்காங்க. ஒண்ணுக்கு வயிறு நின்னு போச்சுன்னா, நல்லா இருக்கிறதோட கருப்பு எடுத்துத் தண்ணியில கரைச்சு ஊத்துவாங்க. தயிருக்கு உறை ஊத்துற மாதிரி."

"பொழைக்குமாண்ணே?"

"சிலது பொழைக்கும்." பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தயிருக்கு உறை. பச்சைப் பென்சிலால் நான் நிறம் தீட்டிய பைக்குள் அப்படி ஒரு பானை இருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாகக் காலையில் கை தட்டி அதன் உறைமோரைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். பானை வெறிதான பிறகு லங்கணமும் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது முயல் ஜன்னலோரக் கூண்டில் இருந்தது. கொழுத்த, அலட்சியமான முயல். தேர்வுக்கு முன்னால் அதற்கும் அந்த மேசைதான். அது கருப்பு போட இன்னும் நேரம் இருக்கிறது என்று அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒம்பது, ஒம்பதரைக்குப் போடும். கீழ விழாது, நேரா வாயிலதான் வாங்கும். குனியிற நேரத்துல நீ எடுத்தாத்தான் உண்டு. சத்தம் போட்டா குனியாது." கதவை ஒருக்களித்துவிட்டு, முதல் பீரியட் பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்தி வைக்கிறேன் என்று போனார்.

என் முயலை மடியில் வைத்துக்கொண்டேன். காது இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. அப்பா செய்தது போல அதை ஒரு கையால் தேய்த்தேன். ஸ்டவ்வில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி டிபன் டப்பாவில் ஊற்றி வைத்தாயிற்று. ஃபில்லரைக் கழுவியாயிற்று. டப்பா மூடி வலது கையில். ஜன்னலோரக் கூண்டின் கதவைத் திறந்து, அதற்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

அது முகத்தைக் கழுவியது. காதைச் சொறிந்தது. புல் ஒன்றை இழுத்து, நுனியிலிருந்து அடி வரைக்கும் நிதானமாகத் தின்றது. மடியில் இருந்தது பல்லை அரைத்தது. இந்த முறை அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

மணி ஒன்பது. அது குனியும். நான் கையைத் தட்டாமல், மூச்சைக்கூட விடாமல், மூடியை அதன் வயிற்றுக்கு அடியில் நீட்ட வேண்டும்.